பேச்சில்லாத மூலை

புலியை நேரில் பார்த்தவர்கள் பசந்தாப்பூரில் நிறையப் பேர் இருந்தார்கள். பார்க்காத சுக்ரானிக்குத்தான் பயம் அதிகம். பார்த்தவர்களுக்கு அது ஓரிடத்தில் இருந்தது, பிறகு போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாரத்துக்கு ஒரு முழம் கூட்டிச் சொல்ல அவர்களுக்கு ஒரு கதையும் மிஞ்சியது. அவளுக்கோ கரும்பு நின்ற இடத்திலெல்லாம் புலி இருந்தது. அந்த ஊரில் கரும்பு நிற்காத இடம் எது? வாசலைத் தாண்டினால் கரும்பு, ரோட்டைத் தாண்டினால் கரும்பு, கால்வாயைத் தாண்டினால் காடு, காட்டைத் தாண்டினால் நேபாளம்.

போன வாரம் பக்கத்து ஊரில் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் திரும்பி வரவில்லை. வனத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்து கூண்டு வைத்து, உள்ளே ஓர் ஆட்டைக் கட்டிவிட்டுப் போனார்கள். புலி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆடுதான் அரசாங்கத் தழையைத் தின்று கொழுத்தது.

பேசாமல் வீட்டோடு கிடக்கலாம் என்றால் எருமை விடுமா? தை மாதப் பனியில் புல் எல்லாம் கருகிவிட்டது. நிலமில்லாத வீட்டுக்கு அந்த மாதங்களில் பச்சை என்று கிடைப்பது கரும்பின் தலைதான். யாருடைய வயலிலாவது இறங்கிக் கரும்பை வெட்டி, காய்ந்த இலையான சோகையை உரித்துக் கட்டிக் கொடுத்தால், அந்தத் தலை, கொழுந்தாடை, வெட்டினவர்களுக்கு. கூலி என்று வேறு எதுவும் கிடையாது. எந்த வரிசையில் யார் முதலில் அரிவாள் வைக்கிறார்களோ அந்த வரிசையின் தலை அவர்கள் வீட்டு மாட்டுக்கு. இதற்காக அங்கே மண்டை உடைந்த அண்ணன் தம்பிகள் உண்டு.

சுக்ரானியின் வீட்டில் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று அவள் புருஷனின் அண்ணன், ஜக்ரூப். புருஷன் மேவாலால் லூதியானாவில் கம்பளிச் சட்டை ஆலையில் இருந்தான். போன ஹோலிக்கு வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. ஜக்ரூப்பின் பெண்சாதி செத்து நாலைந்து வருஷம் ஆகிறது. ஆக ஒரே வீட்டில் பெண்சாதி இல்லாத மூத்தாரும், புருஷன் ஊரில் இல்லாத தம்பி பெண்சாதியும். ஊர் வாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூத்தாரிடம் தம்பி பெண்சாதி பேசவோ முகம் காட்டவோ தொடவோ கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம்; ஊர் வாய்க்குப் பயந்தே இரண்டு பேரும் அதில் மற்ற வீடுகளைவிட இரண்டு மடங்கு கட்டுப்பாடாக இருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் மூத்தாரிடம் நேராக ஒரு சொல் பேசினதில்லை. அவர் எதிரில் முக்காட்டை விலக்கினதில்லை. அவர் பெயரை வாயால் உச்சரித்ததில்லை.

பேச வேண்டியது எல்லாம் எருமை வழியாகத்தான் போனது. "ஏ எருமை, இன்னைக்குப் பருப்புல உப்பு இல்லைன்னு யாராவது பாத்தாங்களா" என்பார் அவர், வெளியே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று. "எருமையே, உப்பு டப்பா காலின்னு நேத்தே லல்லிகிட்ட சொல்லி அனுப்பிச்சாச்சு" என்று அவள் உள்ளேயிருந்து முணுமுணுப்பாள். லல்லி அவளுடைய மகள். அவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் எருமைதான் பொறுப்பு. மேவாலாலைப் பற்றிய சேதியும் அப்படித்தான் வந்தது. "ஏ எருமை, தம்பி போன் பண்ணினான், நல்லா இருக்கானாம்." அதற்கு மேல் எருமையிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் உழைப்பில்தான் அடுப்பு எரிந்தது, லல்லி படித்தாள், வீட்டுக்கு ஒரு கதவும் காவலும் இருந்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டாலோ, அவர் மனம் கோணிவிட்டாலோ தன்னையும் குழந்தையையும் யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் கேட்காமல் இருந்தாள்.

அன்றைக்கு பல்கார் சிங்கின் கால்வாயோர வயல். அவருடைய தாத்தா பிரிவினையின்போது உடுத்திய துணியோடு வந்து, காட்டை வெட்டி நிலமாக்கியவர். அந்த வயலின் கரும்பு மறுநாள் சர்க்கரை ஆலையின் கொள்முதல் இடத்துக்குப் போயாக வேண்டும், தவறினால் நின்று காய வேண்டியதுதான். காலையில் பனிமூட்டம் கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இருந்தது. வெட்ட வந்தவர்கள் எல்லாம் ரோட்டோரத்தில் சோகையைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். வனக்காவலர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கையைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. குந்திக்கிட்டு வெட்டாதீங்க. குனிஞ்ச ஆளு அதுக்கு மான் மாதிரிதான் தெரியும். நிமுந்து நின்னா ரெண்டு தடவை யோசிக்கும். அப்புறம், வாயை மூடாதீங்க. பேசிக்கிட்டே வெட்டுங்க. மனுசப் பேச்சு கேட்டா அது ஒதுங்கிடும்."

"எங்க கடோரிக்கு இதைச் சொல்லணுமா? அவ வாயை மூட வைக்கத்தான் ஆள் இல்ல" என்றார் ஒருவர்.

கடோரி மூன்றாவது வீட்டுக்காரி. எதற்கும் சளைக்காதவள். "என் வீட்டுக்காரருக்கு இருபது வருசமா அதுதான் பாதுகாப்பு. எந்தப் புலியாவது அவர் பக்கம் வந்திருக்கா, கேட்டுப் பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுக்ரானியும் முக்காட்டுக்குள் சிரித்தாள்.

பல்கார் சிங் ஒன்றே ஒன்று சொன்னார். "எல்லாரும் ரோட்டுப் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க. கால்வாய்ப் பக்கத்தைக் கடைசியா வெட்டுங்க. உள்ள ஏதாவது இருந்தா அது அந்தப் பக்கமாப் போயிடும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பார்க்கும்போது ஜக்ரூப் அங்கே இல்லை. கால்வாய் மூலையில் தண்ணீர் கசிகிற இடத்தில் கரும்பின் தலை இன்னும் கரும்பச்சையாக, பனி தீய்க்காமல் நின்றது. எருமை ஈனுகிற மாதம். மற்றவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோதே அவர் வரப்போடு சுற்றிப் போய் அந்த மூலையில் அரிவாள் வைத்துவிட்டார். வைத்தது வைத்ததுதான், அந்த வரிசைகள் இனி அவருடையவை. ஒரு வீட்டு ஆட்கள் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும், கட்டுவதும் சுமப்பதும் ஒன்றாக என்பதால். சுக்ரானி அங்கேதான் போயாக வேண்டும்.

"அக்கா, எங்கூட அந்தப் பக்கம் வாயேன்" என்றாள் கடோரியிடம்.

"என் வரிசையை விட்டுட்டா? என் மாடு உன் மூத்தார் கிட்ட பிச்சை எடுக்குமா? போடி, போய்ப் பேசிக்கிட்டே வெட்டு." சொன்ன பிறகுதான் கடோரிக்கும் உறைத்தது. "அட ஆமா, நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசுவீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சுக்ரானிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஜக்ரூப் ஏற்கெனவே ஒரு கட்டு வெட்டிப் போட்டிருந்தார். அவள் கொலுசுச் சத்தம் கேட்டு ஒரு முறை இருமினார், வந்தது தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் முக்காட்டை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினாள். அவர் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ரோட்டுப் பக்கத்திலிருந்து ஊரே வெட்டிக்கொண்டு வருகிறது, கால்வாய்ப் பக்கத்திலிருந்து இவர் வெட்டுகிறார். உள்ளே ஏதாவது இருந்தால் அது எந்த வழியாகப் போகும்? இதை யாரிடம் சொல்வது? எருமை வீட்டில் இருந்தது. அரிவாளிடம் சொன்னாள், மெல்ல. அரிவாள் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

முக்காட்டுக்குள்ளிருந்து தெரிந்தது அவள் கால்கள், கரும்பின் அடி, அரிவாளின் மூக்கு, அவ்வளவுதான். தூரத்தில் பனிக்குள்ளிருந்து மற்றவர்களின் பேச்சு வந்தது. கடோரி யாரையோ ஏசினாள், யாரோ பதிலுக்குப் பாடினார்கள். அந்தச் சத்தம் ரோட்டுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. வெட்டாத கரும்பு நடுவில் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கம் முழுக்கப் பேச்சு. இந்த மூலையில் மட்டும் கரும்பு முறிகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பேசக்கூடாத இரண்டு பேரையும் தேடிப்பிடித்து ஒரே மூலையில் விட்டதுபோல இருந்தது.

எதையாவது பேசலாம் என்று பார்த்தாள். யாரிடமும் இல்லாமல் பேசினால் பைத்தியம் என்பார்கள். அவர் காதுபடப் பேசினால் அதைவிட மோசமாக ஏதாவது சொல்வார்கள். வாய்க்குள்ளேயே பதினெட்டு வாய்ப்பாடு சொன்னாள். பாதியில் மறந்துபோயிற்று.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. நல்ல அரிசி வேகிற மணம். பாசுமதி கொதித்து வடிக்கிற பதத்தில் வருமே, அது. ஒரு கணம் பசித்தது. அடுத்த கணம் அரிவாளை நிறுத்தினாள். வயல் நடுவில் யார் சோறு வடிக்கிறார்கள்? புலி தன் இடம் என்று தெளித்துவிட்டுப் போகிற நீர் அப்படித்தான் மணக்கும் என்று அவள் பிறந்த ஊரில் மாடு மேய்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

இரண்டு விரலால் முக்காட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. அவளுக்கு வலது பக்கம் வெட்டாத கரும்பு சுவராக நின்றது. எதிரில் பத்தடி தள்ளி ஜக்ரூப், கரும்புக் கட்டை முடிந்து தோளில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரின் அடியில் காய்ந்த சோகை குவிந்து கிடந்தது. மஞ்சளும் கறுப்புமாக, எங்கும் கிடக்கிற சோகைதான். அது கண் சிமிட்டியது.

சுக்ரானிக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கை மட்டும் தானாக நடுங்கியது, வளையல்கள் கலகலத்தன. நல்லதாகப் போயிற்று, இவர் திரும்புவார் என்று நினைத்தாள்.

வளையல் சத்தத்துக்கு அந்த வீட்டில் ஒரே ஓர் அர்த்தம்தான். மருமகள் இந்தப் பக்கம் கடந்து போகிறாள், கொஞ்சம் ஒதுங்குங்கள். ஜக்ரூப் பதினோரு வருஷமாகச் செய்வதைச் செய்தார். கட்டைக் கீழே வைத்தார். மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டார். அவள் போகிற வரைக்கும் இருக்கட்டும் என்று அப்படியே குந்தி உட்கார்ந்து பீடியைத் தேட ஆரம்பித்தார். அவளுக்குக் காட்டிய முதுகைத்தான் அதற்கும் காட்டினார்.

சோகைக் குவியல் தாழ்ந்தது. தோள்பட்டை இரண்டும் மேலே எழும்பின.

"எந்திரிங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "எந்திரிங்க, எந்திரிச்சு நில்லுங்க."

அவருக்குக் கேட்டது. கேட்டும் எழவில்லை. அவள் வாயிலிருந்து நேராக ஒரு சொல் தனக்கு வரும் என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. கடோரியோ வேறு யாரோ வந்திருக்கிறாள், பெண்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார். குந்தினபடியே இன்னும் இரண்டடி நகர்ந்து வழிவிட்டார், கரும்புச் சுவரை ஒட்டி.

சுக்ரானி முக்காட்டைப் பிடித்துக் கீழே இழுத்தெறிந்தாள்.

"ஜக்ரூப்" என்று கத்தினாள். "ஏ ஜக்ரூப்."

சாட்டையடி பட்டவர் மாதிரி எழுந்து திரும்பினார். முதலில் பார்த்தது அவள் முகத்தை. இத்தனை வருஷத்தில் முதல் முறை. அவர் முகத்தில் அப்போது இருந்தது கோபம்தான், வேறொன்றுமில்லை. பிறகு அவள் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது. கோபம் வழிந்து இறங்கியது, முகம் சாம்பலாயிற்று.

நிமிர்ந்து நின்ற ஆளைப் பார்த்ததும் அது தயங்கியது. போகவில்லை. சோகைக்குள் ஒரு முறை பின்னால் நழுவியது. இப்போது தெரியவில்லை, தெரிந்ததைவிட அது மோசமாக இருந்தது.

"ஓடாதீங்க" என்றாள் சுக்ரானி. "இப்படியே பின்னாடி நடந்து வாங்க. ஏதாவது பேசுங்க."

ஜக்ரூப்பின் வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் பல்கார் சிங்கையே எதிர்த்துப் பேசுகிற மனிதர் அவர். அவள் கிட்டே போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தொட்டதும் ஆயிற்று. வெட்டின வரிசை வழியாக வரப்புக்கு வந்து, வரப்போடு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அவள் முன்னால், அவர் கரும்பைப் பார்த்தபடி பின்னால். கரும்புக்குள் சோகை நொறுங்குகிற சத்தம் கூடவே வந்தது. அவர்கள் நின்றால் நின்றது.

"பேச வரலேன்னா 'ம்' கொட்டுங்க" என்றாள். "நான் பேசறேன். நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். ரோட்டுப் பக்கத்துலேருந்து வெட்டச் சொன்னாங்கல்ல, உங்களுக்கு ஏன் இந்தப் பேராசை? எருமைக்குப் பச்சை வேணும்னா உங்களைப் புலிக்குக் குடுக்கணுமா?"

"ம்."

"பருப்புல உப்பு இல்ல, உப்பு இல்லன்னு எருமைகிட்டச் சொல்றீங்களே. சந்தைக்குப் போறது யாரு, நானா? அன்னைக்கு எனக்கு ஜுரம். ஜுரத்தோடதான் ரொட்டி சுட்டேன். கருகிப்போச்சுன்னு அதையும் எருமைகிட்டச் சொன்னீங்க."

"ம்."

"உங்க பொண்டாட்டி இருந்த வரைக்கும் எனக்கு ஒரு பேச்சுத்துணை இருந்துச்சு. அவங்க போனப்ப என்னால வாய்விட்டு அழக்கூட முடியல, நீங்க இடிஞ்சுபோய் வெளியவே உக்காந்திருந்தீங்க, என் குரல் உங்க காதுல விழக்கூடாதே. நான் மூணு நாளு அடுப்புப் புகையில அழுதேன்."

இதற்கு 'ம்' கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். நிறுத்தினதும் சோகைச் சத்தம் ஒரே தாவலில் பக்கத்தில் வந்தது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். அவளுக்குப் புடவை நனைந்தது. எதைப் பேசுவது? உப்பு தீர்ந்துவிட்டது, ஜுரம் தீர்ந்துவிட்டது, செத்தவளும் தீர்ந்துவிட்டாள். ரோடு இன்னும் பனிக்குள் இருந்தது. வாயில் வந்ததை, இத்தனை நாள் கேட்கக்கூடாது என்று அடக்கி வைத்திருந்ததை, யோசிக்க நேரமில்லாமல் கேட்டுவிட்டாள்.

"அவர் போன்ல உங்ககிட்ட என்னதான் சொல்றாரு? என்கூட ஏன் பேச மாட்டேங்கறாரு? ஹோலிக்காவது வருவாரா?"

பின்னால் 'ம்' வரவில்லை.

நடந்துகொண்டே காத்திருந்தாள். வரவில்லை. அடித்துவிட்டது, சத்தமே இல்லாமல் அடித்துவிட்டது, அது அப்படித்தான் செய்யும் என்பார்கள். திரும்பினாள். ஜக்ரூப் இருந்தார். முழுசாக, இரண்டு காலில், அவளுக்குப் பின்னால் ஓரடியில். கரும்பைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"'ம்' சொல்லுங்க" என்றாள். "உங்களைக் கும்பிடறேன், 'ம்' சொல்லுங்க."

"ம்" என்றார். அது அவள் கேட்ட கேள்விக்கா, உயிரோடு இருக்கிறேன் என்பதற்கா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்க நேரமும் இல்லை. லல்லியின் வாத்தியாரைப் பற்றிப் பேசினாள், கோழியைப் பற்றிப் பேசினாள், மறந்துபோன பதினெட்டு வாய்ப்பாட்டைச் சத்தமாகத் தப்பாகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு தப்புக்கும் 'ம்' கொட்டினார். கரும்பு முடிந்து வெட்டின நிலம் வந்தது. சத்தம் விளிம்பில் நின்றுவிட்டது. பனிக்குள்ளிருந்து டிராக்டரும் ஆட்களும் தெரிந்தார்கள்.

"புலி, உள்ளயே இருக்கு" என்று ஜக்ரூப் கையைக் காட்டினார், குரல் பாதிதான் வந்தது. எல்லோரும் அரிவாளைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பல்கார் சிங் டிராக்டர் ஹாரனை விடாமல் அடித்தார். ஜக்ரூப் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுக்ரானி பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. ஊரே சுற்றி நிற்க, தலையில் துணி இல்லாமல், மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்தபடி, கோழி எத்தனை முட்டை இட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் அது வந்துவிடும்.

"அடியே, போதும்டி, வந்தாச்சு" என்று கடோரி தன் சால்வையை எடுத்து அவள் தலைமேல் போட்டு இழுத்தாள். "முகத்தை மூடு. உன் மூத்தார் இருக்காரு, எல்லாரும் பாக்கறாங்க. பேரைச் சொல்லிக் கத்தினியே, இங்க வரைக்கும் கேட்டுது."

சால்வைக்குள்ளிருந்தும் பேச்சு வந்துகொண்டிருந்தது.

"அதை எடு கடோரி" என்றார் ஜக்ரூப்.

கடோரி எடுக்கவில்லை. அவரே கையை ஊன்றி எழுந்து வந்து சால்வையின் ஓரத்தை விலக்கினார். அத்தனை பேருக்கு நடுவில் தம்பி பெண்சாதியின் முகத்தைப் பார்த்து, எருமையிடம் சொல்லாமல், அவளிடமே சொன்னார்.

"வரமாட்டான்மா. அங்க அவனுக்கு வேற குடும்பம் ஆயிடுச்சு. போன வருசமே எனக்குத் தெரியும்."

சுக்ரானியின் பேச்சு அப்போதுதான் நின்றது.